உரிமம் சொல்லாத கையேடு

மென்பொருள் எழுதுகிறவர்களும் அந்த மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கிற இந்தப் பெங்களூரிலே, திறந்த மூல மென்பொருளின் கையேட்டில் அதன் உரிமத்தைப் பற்றி நாலு வரி எழுதப்பட வேண்டும் என்று ஒருவர் சொல்வாரானால், அவருக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக எல்லா அலுவலகங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. உரிமம் வக்கீல்களின் விஷயம். கையேடு உபயோகிப்பவரின் விஷயம். மூலநிரல் இருக்கும் களஞ்சியத்திலே 'லைசென்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு கிடக்கிறது. வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அதையே மறுபடி கையேட்டிலும் எழுதுவது இடத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம் என்பதுதான் அந்தப் பதில். இருபத்தெட்டு வருஷம் கையேடு எழுதியே ஜீவனம் நடத்திய நான் இந்தப் பதிலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் இதையே பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். இந்த அபிப்பிராயம் தவறானது. தவறு என்பதோடு நில்லாமல், திறந்த மூலம் என்ற கொள்கையின் பலன் யாரைப் போய்ச் சேர வேண்டுமோ அவர் வாசல் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும்படி செய்வது என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ஒக்கலிபுரத்தில். மெஜஸ்டிக்கிலிருந்து புறப்பட்டு, ரயில் பாதைகளுக்கு அடியில் செல்லும் சாலையைக் கடந்து, ஸ்ரீராமபுரத்துப் பக்கமாக நடந்து வந்தால், ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் கன்னடமும் கலந்து புழங்குகிற சந்துகள் வரும். அவற்றில் ஒன்றில், ஒரு வீட்டின் மாடி அறையில், சனி ஞாயிறு மாலைகளில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவு மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறோம். மென்பொருள் திறந்த மூலத்தைச் சேர்ந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதன் கையேடு ஆங்கிலத்தில் 84 பக்கம். அதை நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு, நாலு மாதம் இரவுகளில் உட்கார்ந்து தமிழாக்கினோம். அறுபது பிரதி அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் வகுப்பின் பாதி வேலை முடிந்தது என்ற சந்தோஷத்தில், பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் முதல் நாலு பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதை அச்சடிக்கலாம்னு எழுதினவங்க எங்கேயாவது சொல்லியிருக்காங்களா? முன்பக்கத்துல அப்படி ஒண்ணுமே காணோமே. யாரோ கொண்டாந்து கொடுத்த பாடப் புஸ்தகத்தை அடிச்சுக் கொடுத்துட்டு, நோட்டீஸ் வந்து நான் பட்ட பாடு போதும் சார்."

நான் மறுபேச்சுப் பேச முடியாமல் மூலக் கையேட்டைத் திறந்து பார்த்தேன். அட்டை, பொருளடக்கம், நிறுவும் முறை, பேரேடு தொடங்கும் முறை, கடைசியில் சொல்லடைவு. அட்டையின் அடியில் ஒரு வட்டத்துக்குள் 'சி' எழுத்து, ஒரு வருஷம், மூன்று பெயர்கள். அவ்வளவுதான். மென்பொருளின் மூலநிரலோடு ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் இருந்தது வாஸ்தவம். ஆனால் கையேடு அந்தக் களஞ்சியத்திலே இல்லை, வேறொரு இடத்தில் தனிக் கோப்பாக வைக்கப்பட்டிருந்தது. நிரலுக்குச் சொன்னது கையேட்டுக்கும் பொருந்துமா என்பதற்கு எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. மூன்று ஆசிரியர்களுக்கும் கடிதம் எழுதினேன். இருவர் ஒரே வாரத்தில், மிகுந்த அன்போடு, தாராளமாகச் செய்யுங்கள் என்று பதில் போட்டார்கள். மூன்றாமவர் வேலையும் முகவரியும் மாறிப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் அந்த வருஷத்து வகுப்பே முடிந்துவிட்டது. சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் ஒருத்தி, அச்சுப் பிரதி வராது என்று தெரிந்ததும், என் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போய், நாற்பது பக்க நோட்டு இரண்டில் பேரேடு அத்தியாயத்தை முழுக்கக் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தாள். கட்டம் போட்ட படங்களைக்கூட ஸ்கேல் வைத்து வரைந்திருந்தாள். கொடுக்க மனமுள்ள மூன்று பேர் ஒரு பக்கம், வாங்கிக்கொள்ளத் துடிக்கும் ஒரு பெண் மறு பக்கம் இருக்க, நடுவே நின்று இரு தரப்பையும் தடுத்தது எழுதப்படாத மூன்று வரி.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உரிமம் எழுதாவிட்டால்தான் என்ன, இலவசமாக வெளியிட்டதே சம்மதத்துக்கு அடையாளம் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. பதிப்புரிமைச் சட்டத்தின் இயல்பே அதற்கு நேர்மாறானது. 1886ஆம் வருஷத்து பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது, பதிவு செய்தல், முத்திரை இடுதல் முதலிய சடங்குகள் எதுவுமின்றி, படைப்பு பிறந்த கணமே அதன் மீது உரிமையும் பிறந்துவிடுகிறது என்ற தத்துவம் ஸ்தாபிதமாயிற்று. நம் நாட்டின் 1957ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த அஸ்திவாரத்தின் மீதே எழுந்தது. அச்சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பு, அதற்கு எழுதப்பட்ட கையேடும் இலக்கியப் படைப்பு. பிரதி எடுப்பது, வெளியிடுவது, மொழிபெயர்ப்பது, தழுவி எழுதுவது எல்லாம் உரிமையாளர் ஒருவருக்கே உரியவை. ஆசிரியர் காலமான பின்னும் 60 வருஷம் அந்த உரிமை நீடிக்கிறது. உரிமம் தருவதானால் எழுத்து மூலம் தரவேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. தனக்கு இந்த உரிமையே வேண்டாம் என்று ஒருவர் முற்றத் துறக்க விரும்பினாலும், பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொதுமக்களுக்கோ அறிவிப்புக் கொடுத்துத்தான் துறக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. உரிமையைத் துறப்பதற்கே அறிவிப்பு வேண்டும் என்று சொல்கிற சட்டத்தின் கீழ், மௌனத்தைச் சம்மதம் என்று வியாக்கியானம் செய்ய இடமேது?

கல்விக்காகப் பிரதி எடுப்பதற்குச் சட்டத்திலே விலக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்து நகல்கடை வழக்கில், 2016ஆம் வருஷம் டில்லி உயர்நீதிமன்றம் அந்த விலக்கை விசாலமான மனத்தோடு வியாக்கியானம் செய்தது என்பதை நன்றியோடு நினைவு கூர்கிறேன். ஆயினும் அது ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் பொருட்டு எடுத்துக்கொள்ளும் நகலுக்கே நிழல் தருகிறது. மொழிபெயர்த்து, திருத்தி, புத்தகமாக்கி, கடைக்காரருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் விற்கவோ வழங்கவோ அது வழி திறப்பதில்லை. திறந்த மூலம் வாக்களிப்பதோ அந்தப் பெரிய சுதந்திரத்தை.

உரிமை யாருடையது என்று தெளிவாக எழுதி வைக்கப்படாத எழுத்து என்ன பாடுபடும் என்பதைத் தமிழர்களாகிய நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களை யார் அச்சிடலாம், யார் மேடையிலும் திரையிலும் பாடலாம் என்பது, அவர் காலமாகிக் கால் நூற்றாண்டு கடந்தும் தகராறாகவே இருந்து, 1949இல் சென்னை அரசாங்கம் அந்த உரிமைகளைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் வழிக்கு வந்தது. தன் பாட்டு தீப்பெட்டி போல வீடுதோறும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கவியின் எழுத்துக்கே இந்த கதி என்றால், பெயர் தெரியாத நிரலர் எழுதிய கையேட்டுக்காக எந்த அரசாங்கம் வந்து உரிமை வாங்கித் தரும்?

களஞ்சியத்திலே உரிமக் கோப்பு இருக்கிறது என்ற வாதம் இவற்றுள் பலமானது. ஆகவே அதனிடம் சற்று அதிகமாகத் தங்க வேண்டும். நிரலும் கையேடும் ஒரே வீட்டில் பிறந்தாலும் ஒரே வீட்டில் வாழ்வதில்லை என்பதை இந்த வாதக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். நிரல் களஞ்சியத்திலேயே இருக்கிறது. கையேடு ஊர் சுற்றுகிறது. அது பி.டி.எஃப். ஆகிறது, வாட்ஸப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது, எஸ்.பி. ரோட்டில் கணினி வாங்கியவருக்குக் கடைக்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறார். நகல்கடையில் எட்டுப் பக்கம் மட்டும் நகலாகிறது. அந்த எட்டுப் பக்கமும் ஒரு பயிற்சி வகுப்பில் பாடமாகிறது. அந்த எட்டுப் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மூலக் களஞ்சியம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. கிட்ஹப் என்ற பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நிரலைத் தேடிப் போகிறவர் நிரலர். கையேட்டோடு நின்றுவிடுகிறவர் ஜனங்களில் ஒருவர். உரிமத்தைக் களஞ்சியத்தில் மட்டும் வைப்பவர்கள், சுதந்திரத்தை ஏற்கனவே அறிந்தவர்களுக்கு மறுபடி அறிவித்துவிட்டு, அறியாதவர்களை அறியாமையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அது மட்டுமன்று, நிரலின் உரிமமும் கையேட்டின் உரிமமும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வதற்கும் ஆதாரமில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் அறக்கட்டளையே நிரலுக்கு ஜி.பி.எல். என்றும், கையேட்டுக்கு 2000ஆம் வருஷம் முதல் க்னூ கட்டற்ற ஆவண உரிமம் என்றும் இரண்டு உரிமங்களை வைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. கையேட்டில் காட்டப்பட்ட உதாரண நிரலை எடுத்து நம் நிரலில் சேர்ப்பதற்கே தடை வரலாம் என்பதால், அத்தகைய உதாரணங்களை ஜி.பி.எல். போன்ற வேறொரு உரிமத்தின் கீழும் சேர்த்தே வெளியிடுங்கள் என்று அந்த ஆவண உரிமமே சிபாரிசு செய்கிறது. மாற்றக்கூடாத பகுதிகள் என்று அவ்வுரிமம் அனுமதிக்கும் பகுதிகளைக் கொண்ட கையேடுகள் சுதந்திரமானவை ஆகமாட்டா என்று டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பேணும் சமூகத்தார் 2006இல் வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். அதனால் முழுக்கச் சுதந்திரமான மென்பொருளின் கையேடு, சுதந்திரமற்றவற்றின் வரிசையில் தனியே வைக்கப்பட்ட விசித்திரமும் நேர்ந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்போ, தன் உரிமங்கள் எழுத்துக்கும் படத்துக்கும் இசைக்கும் உகந்தவை, மென்பொருளுக்கு அவற்றை உபயோகிக்காதீர்கள் என்று தானே சொல்கிறது. நிலைமை இவ்வளவு சிக்கலாயிருக்கையில், கையேட்டை எடுத்துக்கொண்ட ஒருவர் அதன் உரிமத்தை நிரலின் உரிமத்திலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும் என்பது, தெரு விளக்கைப் பார்த்து வீட்டு எண்ணைச் சொல் என்பதற்குச் சமானம்.

இதைச் செய்து காட்டிய முன்னோர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1998ஆம் வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், உலகெங்கும் பரவிக் கிடந்த தமிழன்பர்களைக் கொண்டு சங்க நூல்கள் தொட்டு அடுத்தடுத்து மின்பதிப்பாக்கி வெளியிட்டார்களே, அவர்கள் வெளியிட்ட எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் வருவது அந்த முகப்புப் பக்கம்: யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்ற விவரமும், இந்த முகப்பைச் சிதைக்காமல் வைத்துக்கொள்ளும் வரையில் இந்தக் கோப்பை எவரும் தாராளமாக விநியோகிக்கலாம் என்ற அனுமதியும். அக்காலத்தில் இந்த நகரத்தில் எனக்கு இணைய இணைப்புக் கிடையாது. நண்பர் ஒருவர் ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்த ஒரு நூலின் தலைப்பில் அந்த அனுமதியைப் படித்துவிட்டு, அன்றைக்கே மூன்று பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு கணமும் யோசிக்க நேரவில்லை. கோப்பே எனக்குச் சொல்லிவிட்டது. 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழும், அதே அன்பர்கள் நடத்தும் இலவசத் தமிழ் மின்னூல்களும் இந்த வழியிலேயே நடக்கின்றன. நூலுக்குள்ளேயே உரிமம் சொல்லப்பட்டிருக்கிறது. இலக்கிய அன்பர்கள் கால் நூற்றாண்டாகச் செய்து வருவதை, உரிமங்களின் தாயகமான மென்பொருள் துறையார் செய்யத் தயங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

உரிமத்தை எழுதினால் கையேடு நீண்டுவிடும், யார் படிக்கப் போகிறார்கள் என்ற ஆட்சேபத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன ஆவண உரிமம், தன் முழு வாசகமும் ஒவ்வொரு பிரதியோடும் போக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. விக்கிப்பீடியாவின் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வகுப்பில் அச்சிட்டுக் கொடுக்க விரும்பிய ஆசிரியர், அதைவிடப் பல மடங்கு நீளமான சட்ட வாசகத்தையும் உடன் அச்சிட வேண்டியதாயிற்று. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல்தான் 2009ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் விக்கிப்பீடியா, தமிழ் விக்கிப்பீடியா உட்பட, ஒரு வரியில் உரிமத்தின் பெயரையும் முகவரியையும் சுட்டினால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறிற்று. இந்தச் சரித்திரம் சொல்வது, சுருக்கமாக எழுதுங்கள் என்பதை. எழுதாதீர்கள் என்பதை அன்று. சுருக்கத்துக்கும் இன்று ஒழுங்கான வழி வகுத்திருக்கிறார்கள். உரிமங்களுக்கெல்லாம் குறியீட்டுப் பெயர் கொடுத்த எஸ்.பி.டி.எக்ஸ். என்ற முறை 2021இல் சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. லினக்ஸ் கருவில் உரிமக் குறிப்பே இல்லாத கோப்புகள் பத்தாயிரத்துக்கு மேல் இருப்பதைக் கண்டு, 2017ஆம் வருஷத்தின் கடைசியில் அவற்றுக்கெல்லாம் ஒற்றை வரிக் குறிப்பு இட்டார்கள். கருவின் தலைவாசலிலே உரிமக் கோப்பு ஒன்று ஏற்கனவே இருக்கத்தான் இருந்தது. அது போதும் என்றால், அந்த மகா உழைப்பு எதற்கு? தலைவாசலில் எழுதியது உள்ளறையில் தெரியவில்லை என்பதைக் கருவை ஆக்கியவர்களே உணர்ந்தார்கள் என்பதல்லாமல் வேறென்ன!

யாரும் படிப்பதில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் டிக்கெட்டின் பின்புறத்தைத் தினமும் யாரும் படிப்பதில்லை. ரயிலைத் தவறவிட்டவன் படிக்கிறான். என் அச்சக நண்பர் படித்தார், அல்லது படிக்கத் தேடினார்.

அடுத்து, இவையெல்லாம் வெறும் மரியாதைக் குறிப்புகள், இவற்றுக்குச் சட்ட பலம் ஏது என்று எண்ணுவோருக்கு, ரயில் பொம்மை ஓட்டும் மென்பொருள் ஒன்றின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து, மாதிரி ரயில்களை இயக்கும் நிரலொன்றை எழுதி, ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தின் கீழ் இலவசமாகக் கொடுத்தார்கள். அதிலிருந்து சில கோப்புகளை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது, எடுத்ததில் தவறில்லை, ஆனால் எழுதியவர்களின் பெயர்களையும், பதிப்புரிமைக் குறிப்பையும், உரிமக் கோப்பைச் சுட்டும் வரியையும், மூலம் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் விட்டுவிட்டது. கீழ்க்கோர்ட்டு இதை வெறும் ஒப்பந்த மீறலாகவே பார்த்தது. 2008ஆம் வருஷம் ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்து, அந்தக் குறிப்புகளை வைத்திருப்பது அனுமதிக்கே நிபந்தனை, அதை மீறியவர் பதிப்புரிமையையே மீறியவராவார் என்று தீர்ப்பளித்தது. காசு வாங்காமல் கொடுத்தவருக்கு இழப்பு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் அந்தத் தீர்ப்பிலே பதில் இருக்கிறது: தன் பெயர் பரவுவதும், பிறர் செய்யும் திருத்தம் திரும்பி வருவதுமே அவருடைய வருமானம். ஜெர்மனியிலே 2004ஆம் வருஷம் மூனிச் நீதிமன்றம், லினக்ஸின் ஒரு பகுதியை ரௌட்டரில் வைத்து விற்ற சைட்காம் கம்பெனியின் மீது, உரிம வாசகத்தையும் மூலநிரலையும் தராத குற்றத்துக்காகத் தடையுத்தரவு பிறப்பித்ததும் இதே நியாயத்தைக் கொண்டுதான்.

நம் நாட்டிலும் சட்டம் சும்மா இருக்கவில்லை. 2012ஆம் வருஷத்துத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவு, உரிமை நிர்வாகத் தகவலை அதிகாரமின்றி அறிந்தே நீக்குகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. படைப்பின் பெயர், உரிமையாளரின் பெயர் ஆகியவற்றோடு, உபயோகத்துக்கான நிபந்தனைகளும் அந்தத் தகவலில் அடங்கும் என்று சட்டமே பொருள் கூறியிருக்கிறது. எழுதியிருந்தால்தானே நீக்குவது குற்றமாகும்! எழுதாதவருக்கு இந்தப் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்? போகட்டும், கையேட்டில் எழுதுவதே விதியாக இருக்கும் இடங்களும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. உரிமம், நிரலை இயங்கு வடிவில் மட்டும் கொடுப்பவர் பதிப்புரிமைக் குறிப்பையும் நிபந்தனைகளையும் கையேட்டிலோ உடன் தரும் பிற ஏடுகளிலோ அச்சிட வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். கைப்பேசியில் 'சட்டத் தகவல்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான நிரலர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். பெரிய கம்பெனிகள் தாங்கள் இரவல் வாங்கியதை அங்கே ஒப்புக்கொள்கின்றன. இரவல் வாங்கியவர் எழுதும்போது கொடுத்தவர் எழுதாதிருப்பது முறையா?

என் மனத்தை உண்மையில் வருத்திய வாதம் ஒன்று இருக்கிறது; அது பேராசையிலிருந்து பிறந்ததன்று, நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. தானம் செய்பவன் பத்திரம் எழுதுவானா, அன்னசத்திரத்து வாசலில் நிபந்தனை எழுதி ஒட்டுவார்களா, நான் ஊருக்குக் கொடுத்தேன், ஊர் எடுத்துக்கொள்ளட்டும், சட்ட வாசகம் எழுதினால் கொடையின் அழகே போய்விடும் என்று இளம் நிரலர்கள் சிலர் உருக்கமாகப் பேசுவார்கள். அவர்களுடைய உள்ளத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் நம் முன்னோரின் தானத்தைச் சரியாக அறியவில்லை. நம்மவர்கள் தானத்தைக் கல்லில் வெட்டினார்கள், செப்பேட்டில் பொறித்தார்கள். இந்தப் பெங்களூரிலேயே, தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலுக்குப் போனால், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதைச் சொல்லி, சந்திரன் சூரியன் உள்ளவரை இது செல்லும் என்று அறுதியிட்டு, இதைக் காப்பாற்றுகிறவரை வாழ்த்தி எழுதுவது தமிழ்க் கல்வெட்டின் மரபு. அரசன் தன் கொடைத்தன்மையில் நம்பிக்கை இல்லாமலா எழுதினான்? தான் போன பிறகு, தன்னை அறியாத ஒருவன், தன் மொழியைக்கூடப் பேசாத ஒருவன், அந்த நிலத்தில் உழ வரும்போது, இது உனக்குக் கொடுக்கப்பட்டது என்று அவனுக்குச் சொல்ல யார் இருப்பார்கள் என்று யோசித்தே எழுதினான். சத்திரத்து வாசலிலே கொடுப்பவர் நிற்கிறார். வருகிறவர் அவர் முகத்தைப் பார்த்தே உள்ளே போகலாம். கையேட்டின் பக்கத்தில் ஆசிரியரின் முகம் இல்லை. அவர் மனத்திலுள்ள தாராளத்தை ஒக்கலிபுரத்து அச்சக நண்பர் எதைக் கொண்டு அறிவார்?

2006ஆம் வருஷம் ஆகஸ்டில், ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் வரைவைப் பற்றி விவாதிக்கும் சர்வதேச மாநாடு இந்த நகரத்திலே நடந்தது. ஸ்டால்மனும், அந்த உரிமத்தை வரைந்த வழக்கறிஞர் எபன் மோக்லனும் வந்திருந்தார்கள். இரண்டு நாள், ஒரு உரிமத்தின் சொற்களைப் பற்றிப் பேச உலகத்தின் பல பாகங்களிலிருந்து மனிதர்கள் இங்கே கூடினார்கள். அடுத்த வருஷம் ஜூன் 29ஆம் தேதி அந்த உரிமம் வெளியாயிற்று. அவர்கள் அத்தனை சிரத்தையோடு சொல் சொல்லாக நிறுத்துப் பார்த்து எழுதிய உரிமத்தின் பெயரைக்கூடக் கையேட்டின் ஒரு பக்கத்தில் எழுத நமக்குக் கை வரவில்லை என்றால், அந்த உழைப்பின் பயனை நாம் பெற்றவர்களாக மாட்டோம்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், அதிகமில்லை. அட்டைக்கு அடுத்த பக்கத்திலே, மென்பொருள் இன்ன உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என்று ஒரு வரி. இந்தக் கையேடு இன்ன உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது, நீங்கள் இதை நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், விற்கலாம், ஆசிரியர் பெயரையும் இந்த வரிகளையும் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வரி. உரிமங்களின் முழு வாசகம் கிடைக்கும் இடத்தைச் சுட்டி ஒரு வரி. உரிமத்தின் பெயரை மாத்திரம் எழுதிவிட்டு ஓய்ந்துவிடாமல், அது எதை அனுமதிக்கிறது என்பதைச் சாதாரண மனிதருடைய மொழியில் சொல்லுங்கள் என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன். 'ஜி.பி.எல். 3' என்பது நிரலருக்குப் போதும். பில் போடும் பெண்ணுக்குப் போதாது. ஒரு கையேடு நூறு காரியங்களை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறது. இந்தப் புத்தகத்தையே என்ன செய்யலாம் என்பதும் அவற்றுள் ஒன்றல்லவா?

மூன்றாம் ஆசிரியரின் கடிதம் ஒருநாள் வந்தது. தாம் ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டிய வரிகள் அவை என்று வருத்தம் தெரிவித்து, மூலக் கையேட்டிலும் அவற்றைச் சேர்த்துவிட்டதாக எழுதியிருந்தார். அதே அச்சகத்தில் தமிழ்ப் பிரதி அறுபது அச்சாயிற்று. நண்பர் முதல் பிரதியின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கட்டுக் கட்டினார். அடுத்த வருஷம் ஓசூரில் ஒரு பயிற்சிக்கூடத்தார், எங்களை ஒரு வார்த்தையும் கேட்காமல், அந்தக் கையேட்டை எடுத்து, எங்கள் பிழைகளைத் திருத்தி, புதிதாக ஓர் அத்தியாயமும் சேர்த்து, இருநூறு பிரதி அச்சிட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து காட்டினார். அதன் இரண்டாம் பக்கத்திலும் அந்த மூன்று வரிகள் இருக்கின்றன.